கம்பளிக்காரன் நிற்கிற வாசல்

ஞானஜோதி சொல்கிற கதையில் ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. நீதான் உண்டு. 'நீ போற, நீ பாக்குற, நீ கதவத் தள்ளுற' என்று கேட்கிறவளையே பிடித்துக் கதைக்குள் தள்ளிவிட்டு, இக்கட்டான இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். "இப்பச் சொல்லு, எந்த வாசல்?" அவ்வளவுதான். யாரைக் கேட்டாளோ அவள் வாய் திறந்தால்தான் கதை நகரும். திறக்காவிட்டால் கதை அப்படியே நிற்கும். கூட வேலை பார்க்கிற இருளம்மாள் ஒருதரம் பதில் சொல்லத் தெரியாமல் விழித்து, வீட்டுக்குப் போயும் புருஷனைத் தூங்கவிடாமல் யோசித்து, மறுநாள் வந்ததும் வராததுமாக "மேக்கு" என்றாள். அதுவரைக்கும் மற்றவர்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

இந்த விளையாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் வாசல் கதை. ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வண்டிப்பாதையை ஒட்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில், சரம் பின்னுகிற அறையில், அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீசனில் அது பிறந்தது. சரம் பின்னுவதில் கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையில்லை. சிவப்புத் தாள் சுற்றிய சின்னச் சின்ன உருப்படிகளைத் திரியோடு திரி சேர்த்து நூலில் முடிந்துகொண்டே போகவேண்டும். மத்தியானக் கஞ்சி உள்ளே போனதும் கண் செருகும். கண் செருகினால் பின்னல் தளரும். தளர்ந்ததைக் கண்டால் போர்மேன் சுந்தரபாண்டி மொத்தத்தையும் அவிழ்க்கச் சொல்வார். தூக்கத்தை விரட்டத்தான் ஞானஜோதி கதையை ஆரம்பித்தாள். நன்றாகவே விரட்டினாள். பயந்து போனவளுக்குத் தூக்கம் எங்கே வரும்?

அறையில் நாலு பேர். மூத்தவள் கருப்பம்மாள், மூன்று பிள்ளை பெற்றவள், வாய் நீளம். பேச்சியம்மாள் யார் எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். இருளம்மாள் கல்யாணமாகி வந்த புதுப்பெண். பல்லி கத்தினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். நாலாவது ஞானஜோதி. வேதக்கோயில் உபதேசியாரின் மகள், எட்டாவது வரை படித்தவள். அப்பா கண்ணை மூடியதும் புத்தகத்தை மூடிவிட்டு இங்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அறைக்கு நாலு பக்கமும் நாலு வாசல். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எந்த மூலையில் இருக்கிறவளும் எழுந்து ஓடலாம் என்று சர்க்கார் வைக்கச் சொன்னது. அந்த 'ஏதாவது ஒன்று' என்ன என்பதை அறைக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தீ என்ற சொல்லும் புகை என்ற சொல்லும் உள்ளே வரக்கூடாது. வெடியையே 'சரக்கு' என்பார்கள். காலையில் அடுப்புப் பற்றவைத்ததைச் சொல்ல நேர்ந்தால் 'அடுப்ப எழுப்புனேன்' என்பார்கள். யாராவது புதிதாக வந்தவள் வாய் தவறிச் சொல்லிவிட்டால், கருப்பம்மாள் அவளை வெளியே அனுப்பி வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வாள்.

கதையில் வருகிற வீட்டுக்கும் நாலு வாசல்தான். ஞானஜோதி ஒன்றும் மூளையைப் போட்டுக் கசக்கிக்கொள்ளவில்லை, கண்ணுக்கு எதிரே இருந்ததை எடுத்துக்கொண்டாள். காட்டுக்கு நடுவே ஒரு வீடு. உள்ளே நீ. வெளியே கம்பளி போர்த்திய ஒருத்தன், கையில் கம்போடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். டொக், டொக் என்று கம்பு ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் நின்றால், அவன் ஏதோ ஒரு வாசலில் வந்து நின்றுவிட்டான் என்று அர்த்தம். எந்த வாசல் என்று உனக்குத் தெரியாது. ஆனால் நீ வெளியே போயாக வேண்டும். அவன் இல்லாத வாசலைச் சொன்னால் பிழைத்தாய். அவன் நிற்கிற வாசலைச் சொன்னால், கம்பளியை விரித்து உன்னைப் போர்த்திவிடுவான். சொன்ன வாசலை மாற்றக்கூடாது. கதை சொல்கிறவள் வைத்ததே முடிவு. செத்தவள் அன்றைக்குக் கதை முடிகிறவரை வாய் திறக்கக்கூடாது. கருப்பம்மாளுக்குச் சாவது பெரிதாகப் படவில்லை, வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னதுதான் பெரிதாகப் பட்டது.

புரட்டாசி பிறந்திருந்த சமயம். ஒருநாள் காலையில் வேலைக்கு உட்காரும்போதே கருப்பம்மாள் ஞானஜோதியைச் சீண்டினாள். "ஏ சோதி, ஒன்னப் பாக்க வந்த சாத்தூர்க்காரக காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாகளாமே, நெசமா?"

நிஜம்தான். அதனால்தான் ஞானஜோதிக்குச் சுருக்கென்றது. மத்தியானம் கதையில் கருப்பம்மாள் முறை வந்தபோது, அவள் அலட்சியமாக "வடக்கு" என்றாள். ஞானஜோதி அன்றைக்குக் கம்பளிக்காரனை மனசுக்குள் தெற்கு வாசலில்தான் நிறுத்தி வைத்திருந்தாள். ஆனால் கோபம் யாரை விட்டது? அவனைத் தூக்கி வடக்கில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"கதவத் தள்ளுறீக அக்கா. காத்து வரல. ஒரே இருட்டா இருக்கு. பட்டப்பகல்ல என்ன இருட்டுன்னு கையால தடவிப் பாக்குறீக. சொரசொரங்குது. இருட்டு இல்ல அக்கா, கம்பளி."

மூன்று பேருடைய கையும் பின்னலில் அப்படியே நின்றது. கருப்பம்மாள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

அத்தோடு போயிருந்தால் இது ஒரு கதையே அல்ல. மறுநாள் காலையிலிருந்து தூறல். பின்னி முடித்த சரங்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கருப்பம்மாள் வடக்கு வாசல் வழியாக வெளியே காலை வைத்தாள். வேலி ஓரத்தில் தலையோடு கம்பளி போர்த்தி, கையில் கம்பு ஊன்றி ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் ஆடு மேய்க்கிறவன். தூறலுக்குக் கம்பளி போர்த்தியிருந்தான். வேலிக்குள் புகுந்துவிட்ட குட்டியைத் தேடிக்கொண்டு வந்திருந்தான். கருப்பம்மாள் போட்ட சத்தத்தில் குட்டியை விட்டுவிட்டு அவன் ஓடின ஓட்டத்தைப் பக்கத்து அறைக்காரிகள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் வடக்கு வாசலில் யாரும் சிரிக்கவில்லை. தட்டு கைதவறி விழுந்து, சரம் முழுக்கத் தரையில் கிடந்தது. ஈரத் தரையோ என்னவோ, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிகிறவரை அறையில் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. கருப்பம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். எழுந்து வேலைக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். வந்தவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வடக்கு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிழக்கு வாசலால் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு வடக்கு வாசலில் யாரும் காலை வைக்கவில்லை. போகாத வாசல் சும்மா கிடக்குமா? தாள் கட்டு ஒன்று அங்கே சாய்ந்தது. அதன்மேல் நூல்கண்டுக் கூடை ஏறியது. பின்னி முடித்த சரமும் அங்கேயே குவிந்தது. வடக்குச் சுவரை ஒட்டித்தான் ஞானஜோதி உட்காருவாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு வாசல் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது.

அவளுக்கு மட்டும் அது ஏன் அவ்வளவு உறுத்தியது என்றால், அதற்கு முந்தின சீசனில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் அந்த 'ஏதாவது ஒன்று' நடந்திருந்தது. கோயிலைச் சேர்ந்த பெண்களோடு ஜெபம் பண்ணுவதற்காக ஞானஜோதியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வாழையிலையில் கிடத்தியிருந்த ஒரு பெண் கண்ணைத் திறக்காமலே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வாசல் எங்க? வாசல் எங்க?" பக்கத்தில் நின்ற நர்சம்மா, "இந்தா இருக்கும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரல் இப்போது, சரம் பின்னும்போதும் கஞ்சி குடிக்கும்போதும், ஞானஜோதியின் பிடரியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

'நான் மூடின வாசலை நானே திறந்துவிடுகிறேன்' என்று நினைத்துக்கொண்டாள். யாராவது ஒருத்தி கதையில் வடக்கு என்று சொல்லட்டும். அவளைக் காப்பாற்றி, பச்சைப் பசேலென்று ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். பயம் போய்விடும். அவள் போட்ட கணக்கு இதுதான். ஆனால் கதை சொல்கிறவள் வாசலைச் சொல்ல முடியாதே. கேட்கிறவள்தானே சொல்லவேண்டும்? ஒருத்தியும் சொல்லவில்லை. அதனால் மற்ற வாசல்களைக் கெடுத்தாள். மேற்கே கம்புச் சத்தம் கேட்கிறது என்றாள். தெற்கே கம்பளி நாற்றம் அடிக்கிறது என்றாள். பேச்சியம்மாள் அப்போதும் பிடிவாதமாக "மேக்கு" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டி, ஞானஜோதி அவளைச் சாகடிக்க வேண்டியதாயிற்று. அடுத்து இருளம்மாளைக் கேட்டாள்.

"மேக்க போனா என்ன ஆகும்னு பாத்துட்ட. தெக்க நாத்தம். கிழக்க நாய் ஊளையிடுது. வடக்க ஒரு சத்தமும் இல்ல, அமைதியா இருக்கு. சொல்லு இருளாயி, எந்த வாசல்?"

இருளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு மெதுவாக, "நான் எங்கயும் போகல மதினி. உள்ளயே இருந்துக்கிறேன்" என்றாள்.

"அது நல்ல யோசன" என்றாள் பேச்சியம்மாள், செத்தவள் பேசக்கூடாது என்பதையும் மறந்து. "வெளிய போனாத்தான அவன் போத்துவான்?"

மற்றவர்களுக்கு மனசு லேசாயிற்று. ஞானஜோதிக்கு மட்டும் ஆகவில்லை. ஒரு வாசலைத் திறக்கப் போய் நாலு வாசலையும் மூடிவிட்டோமே என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து மேற்கிலும் ஆள் நடமாட்டம் நின்றது, தெற்கிலும் நின்றது. எல்லாரும் கிழக்கு வாசலில் மட்டும், அதுவும் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு, நுழைந்து வெளியேறினார்கள். இருளம்மாள் ஒதுங்கப் போகக்கூட அஞ்சி மத்தியானம் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள்.

"ஐயோ, எல்லாம் நான் கட்டிவிட்ட கதை" என்று ஞானஜோதி கெஞ்சினாள். "கம்பளிக்காரனே கிடையாது. நான்தான் உண்டாக்குனேன்."

பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ உண்டாக்குனேங்கிற. அப்ப நீ சொன்ன மறுநாளு வேலி ஓரத்துல அவன் எப்பிடி வந்து நின்னான்? அவனையும் நீதான் உண்டாக்குனியா?"

அவன் ஆட்டுக்காரன் என்று ஞானஜோதி சொல்லிப் பார்த்தாள். ஆட்டுக்காரனைப் பார்த்தா கருப்பம்மாளுக்கு அத்தனை காய்ச்சல் வந்தது என்று கேட்டார்கள்.

சரி, ஆட்களை நம்பிப் பயனில்லை, நாமே கதவைத் திறந்து போட்டுவிடலாம் என்று ஒருநாள் கஞ்சி வேளையில் ஞானஜோதி வெளியே சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவுக்கு வெளியே உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு ஒன்று தொங்கியது. கதவை மறைத்து ஆள் உயரத்துக்குப் பெட்டி அடுக்கியிருந்தது. காலிப் பெட்டி இல்லை, சரக்குப் பெட்டி. மதுரைக்குப் போகவேண்டிய தீபாவளி லோடு.

சுந்தரபாண்டியிடம் ஓடினாள். அவர் பொல்லாத மனுஷன் என்று சொல்லிவிட முடியாது; எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்தான். தலைக்குமேல் ஆர்டர். "கொட்டகையில எடம் இல்ல தாயி. மளையில நனையவா விட முடியும்? நீங்கதான் அந்த வாசல்ல போறதே இல்லையே. போகாத வாசலுக்கு எதுக்கு வளி? சீசன் முடியட்டும், எடுத்துருறேன்" என்றார். போகிறபோது, "ஒங்க கதையினால இப்ப ஒருத்தியும் தூங்குறதில்ல. நல்லாச் சொல்லு" என்று பாராட்டிவிட்டும் போனார்.

ஞானஜோதி மூச்சிரைக்கத் திரும்பி வந்து மூன்று பேரிடமும் சொன்னாள். "அக்கா, வடக்கு வாசல வெளிய பூட்டிட்டாக. பெட்டி அடுக்கிட்டாக. நெசமாவே தொறக்காது."

கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லதாப் போச்சு, ஆத்தா."

"என்ன நல்லது?"

"பூட்டிட்டா அவன் உள்ள வர முடியாதுல்ல?"

மூன்று முகத்திலும் பல நாளாகக் காணாத தெளிவு. இருளம்மாள் அன்றைக்குத்தான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். ஞானஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தாள் கட்டு, அதற்குப் பின்னால் கதவு, அதற்குப் பின்னால் பூட்டு, அதற்குப் பின்னால் லோடு. இதற்கு ஒரு சின்னப் பொறி போதும், இவ்வளவும் தன் ஒரு நாள் கோபத்தால் வந்தது என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் பின்னியதையெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள்.

மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் கதை கேட்கத் தயாரானபோது அவள் சொன்னாள்: "இன்னைக்கு நான் சொல்லல. கருப்பம்மாக்கா சொல்லட்டும். உள்ள இருக்கிறது நான்."

கருப்பம்மாள் திடுக்கிட்டாள். "எனக்கு என்னத்தத் தெரியும்?"

"ஒங்களக் கொன்னது நான்தான அக்கா. இப்ப முடிவு ஒங்க கையில."

சும்மா சொல்லக்கூடாது, கருப்பம்மாளின் கண்ணில் ஒரு பளிச்சிடல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி. காட்டுக்குள்ள வீடு. உள்ள நீ இருக்க, சோதி. வெளிய அவன் சுத்துறான். டொக்கு. டொக்கு. இந்தா, சத்தம் நின்னுபோச்சு. எந்த வாசல்?"

"வடக்கு."

"ஐயய்யோ, வேண்டாம் மதினி!" என்று இருளம்மாள் அலறினாள்.

"சொன்னத மாத்தக் கூடாது" என்று ஞானஜோதி எழுந்தாள். கதைக்காக அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. சரத்தை அள்ளி ஓரமாக வைத்தாள், கூடையை நகர்த்தினாள், தாள் கட்டை இழுத்துப் போட்டாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள். தான் உண்டாக்கின கம்பளிக்காரன்தான், இல்லாத ஆள்தான், எல்லாம் தெரியும். தெரிந்தும், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. "தள்ளுறேன்" என்றாள்.

"தள்ளுற." கருப்பம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "தள்ளுற, தள்ளுற. தொறக்கல."

"ஏன் தொறக்கல?"

"வெளிய பூட்டு. பொட்டி அடுக்கிக் கெடக்கு. நீதான சொன்ன?"

"பூட்டுனது யாரு, கம்பளிக்காரனா?"

"அவன் எதுக்குப் பூட்டப் போறான்? நீ வெளிய வந்தாத்தான அவனுக்கு..." என்று ஆரம்பித்த கருப்பம்மாள் நிறுத்தினாள். கதை சொல்லிப் பழகாதவள். வாய் முன்னால் போய்விட்டது, மனசு பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. "வாசலப் பூட்டியிருக்குன்னா, அவன் வாசல்ல இல்ல. வாசல்ல ஒருத்தனும் இல்ல, சோதி."

"பின்ன எங்க இருக்கான்?"

கருப்பம்மாள் கண்ணை மெதுவாகத் தாழ்த்தினாள். அவள் மடியில் பாதி பின்னிய சரம் கிடந்தது. பக்கத்தில் தட்டுத் தட்டாகச் சரம். சுவரோரத்தில் குவியல். அறையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பாகக் கிடந்தது.

"உள்ள" என்றாள். "உள்ளதான் இருக்கான். மொதல்ல இருந்தே நம்மகூடத்தான் உக்காந்திருக்கான்."

யாரும் அலறவில்லை. அந்தப் பயம் அலற விடாத பயம். தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி, மூன்று பேரும் மடியில் இருந்த சரத்தைத் தரையில் வைத்தார்கள். எழுந்தார்கள். கிழக்கு வாசல் ஒடுக்கம், ஒவ்வொருத்தியாகத்தான் போக முடிந்தது. இருளம்மாளின் சேலை கதவு ஆணியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு வெளியே வருவதற்குள், கடைசியாக நின்ற ஞானஜோதிக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஒன்றும் நடக்காதபோதே வெளியே வர இவ்வளவு நேரம் ஆயிற்று. அதை நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

போய் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். செய்தி போனதும் சுந்தரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏ, என்ன இது? நாளைக்கு லோடு ஏறணும். இங்கன உக்காந்து என்ன பண்றீக?"

இவர் போ என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலு வீட்டிலும் அடுப்பு எழும்பாது. ஆனால் கருப்பம்மாள் எழுந்து நின்று, வெகு மரியாதையாகப் பேசினாள்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கதையில ஒரு எடத்துல நின்னு போச்சு. நீங்க உள்ள வந்து உக்காந்து ஒரே ஒரு வாசல் மட்டும் சொல்லிட்டுப் போங்க. அடுத்த நிமிசம் வேலைக்கு உக்காந்துருறோம்."

"இம்புட்டுத்தானா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்க, வாங்க. சொல்லித் தொலைக்கேன்."

அவரை ஞானஜோதி உட்காருகிற இடத்தில், வடக்குச் சுவரோரம் கருப்பம்மாள் உட்கார வைத்தாள். தான் எதிரே உட்கார்ந்தாள். அவர் மடியில் ஒரு சரத்தை எடுத்து வைத்தாள். மற்ற மூவரும் உள்ளே வரவில்லை, கிழக்கு வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சரம் பின்றீக அண்ணாச்சி" என்று கருப்பம்மாள் ஆரம்பித்தாள். "சுத்தி எல்லாம் சரக்கு. கூட நாலு பொம்பளைக. மத்தியானம், நல்ல வெயிலு. கண்ணு சொக்குது. கெளக்கு வாசல்கிட்ட ஒரு தட்டு இருக்கு, பாருங்க. அந்தத் தட்டுல இருந்து நூலு மாதிரி ஒண்ணு எந்திரிக்குது. என்னன்னு பாக்குறீக." கருப்பம்மாள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த அறையில் யாரும் சொல்லாத சொல்லைச் சொன்னாள். "பொகை."

வெளியே இருளம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். ஞானஜோதி கண்ணை மூடாமல் பார்த்தாள். சுந்தரபாண்டியின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கண் அந்தத் தட்டுக்குப் போயிருந்தது.

"பொகை வந்தா அடுத்தது என்னன்னு ஒங்களுக்கே தெரியும். கெளக்கு வாசல்ல தட்டு கெடக்கு. மேக்க தெக்க ஓடணும்னா குவியலத் தாண்டணும். கூட நாலு பேரு எந்திரிச்சுட்டாக, ஒங்க மேல விளுறாக. ஒங்க முதுகுக்குப் பின்னாலயே ஒரு வாசல் இருக்கு. கை எட்டுற தூரம். சொல்லுங்க அண்ணாச்சி. எந்த வாசல்?"

அவர் திரும்பிப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வலது கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே செருகியிருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபிறகுதான், பூட்டு வெளியே இருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எந்த வாசல் அண்ணாச்சி?"

மடியிலிருந்த சரத்தை விலக்கிவிட்டு அவர் எழுந்தார். கிழக்கு வாசலை நோக்கி நடந்தார். அங்கே கிடந்தது வெறும் தட்டு. புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அதன் பக்கம் வந்ததும் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒதுங்கித்தான் தாண்டினார். தாண்டியதும் ஓடினார்.

வடக்குப் பக்கம் பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் ஆளைக் கூப்பிடவில்லை, தானே இழுத்தார். ஒவ்வொன்றாக இழுத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சாவி பூட்டில் நுழையாமல் தட்டித் தட்டி வழுக்கியது. கடைசியில் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, பல நாள் பார்க்காத வெயில் அறைக்குள் விழுந்தது. வாசலில் சுந்தரபாண்டி நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

ஞானஜோதி கிழக்கு வாசலால் உள்ளே ஏறி, குவியலைச் சுற்றி நடந்து, அவரைத் தாண்டி வடக்கு வாசலால் வெளியே இறங்கினாள். மறுபடியும் ஏறி உள்ளே வந்தாள். பேச்சியம்மாளும் இருளம்மாளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அப்படியே செய்தார்கள். பிறகு தங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

சுந்தரபாண்டி உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. தட்டு கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் கருப்பம்மாளிடம் கேட்டார்.

"கதைய முடிச்சிரு தாயி. நான் பொளச்சனா, இல்லையா?"

கருப்பம்மாள் சரத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, முடிச்சு விட்ட இடத்தைத் தேடினாள்.

"நீங்க வாசலே சொல்லலையே அண்ணாச்சி" என்றாள்.